நனைக்கணுமா, ஊற வைக்கணுமா? பெங்களூர் தமிழ்ப் பசங்களுக்கு

இங்கயே பொறந்து வளர்ந்த பசங்க "உளுந்த நனைச்சிட்டேன்மா"ன்னு சொல்லும்போது அவங்க மேல தப்பில்ல, கன்னடத்துல மழையில நனைஞ்சாலும் நெனெதான், அக்கிய (அதான் அரிசிய) ஊறப் போட்டாலும் நெனெசுதான், ஒரே சொல்லு ரெண்டு வேலையும் பாக்குது (நெனச்சுப் பாக்கறதுக்கும் அதேதான், அது தனிக் கதை). தமிழ்ல ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்கோம்.

தண்ணி பட்டா நனைஞ்சாச்சு, அவ்வளவுதான். சில்க் போர்டு சிக்னல்ல மழை புடிச்சுக்கிட்டா ரெண்டு நிமிஷத்துல ஆளு நனைஞ்சிடுவான். ஊறணும்னா நேரம் வேணும், தண்ணி உள்ள இறங்கணும். கொண்டைக்கடலைய ராத்திரி போட்டு காலைல ஒண்ண எடுத்து கிள்ளிப் பாருங்க, நகம் சுலபமா இறங்குனா ஊறிடுச்சு, நடுவுல கட்டியா நின்னா அது நனைஞ்சதோட சரி, குக்கர்ல விசில் மேல விசில் விட்டாலும் லேசுல வேகாம உயிர வாங்கும்.

சந்தேகம் வந்தா "எவ்வளவு நேரம்?"னு கேட்டுப் பாருங்க, மணிக்கணக்கு வந்தா பெரும்பாலும் ஊறதுதான். சிக்கன் மசாலாவுல ஊறும், ஜாமூன் பாகுல ஊறும். ரெண்டும் ஒண்ணா வர்ற இடம் தயிர் வடை: பொரிச்ச வடைய வெந்நீர்ல நனைச்சு, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உடையாம அழுத்தி எடுத்து, அப்புறம் தயிர்ல ஊறப் போடணும், இதுல ரெண்டு சொல்லையும் மாத்திப் போட்டா வடையும் போச்சு தயிரும் போச்சு.

இன்னொண்ணு, வெளியில இருந்து தண்ணி வராமயே ஊறும். கிணத்துல தண்ணி ஊறும், பிரியாணி வாசனைக்கு வாயில எச்சில் ஊறும், அங்கெல்லாம் நனையறது செல்லாது. மாங்காய உப்புல ஊறப் போட்டதாலதான் அது ஊறுகாய்.

சொல்ற விதத்துலயும் கவனம் வேணும். மழையில நனைஞ்சேன், துணிய நனைச்சேன்னு நனைக்கு ரெண்டு உருவம் இருக்கு. ஊறுக்கு அப்படி வராது, அரிசி தானா ஊறும், நாம செஞ்சா ஊற வெச்சேன், இல்ல ஊறப் போட்டேன். "அரிசிய ஊறினேன்"னு சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

சில வீட்டுல பாட்டிங்க "அரிசி நனையப் போடு"ன்னுதான் சொல்லுவாங்க, அவங்கள திருத்தப் போகாதீங்க, அந்த "போடு"லயே விட்டு வைக்கிற நேரம் வந்துடுது.