கெடு தவறாத கட்டுப்பாட்டுக் கணினியை வடிவமைப்பது எப்படி?

வால்வை மூடும் கட்டளை 10 மில்லி விநாடிக்குள் போக வேண்டுமென்றால், 12-வது மில்லி விநாடியில் போகிற சரியான கட்டளையும் பிழைதான். அதனால் புரோகிராம் எழுதுவதற்கு முன், தாமதமானால் என்ன உடையும் என்று இயந்திரத்தை ஓட்டுபவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடுவை எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அளக்க வேண்டும். சராசரி நேரத்தைக் காட்டினால் நான் திரும்பியே பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியது மிக மோசமான நேரம். டாஸ்க், அதாவது கணினி செய்யும் ஒரு வேலை, தொடங்கும்போது சிப்பின் ஒரு பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடியும்போது இறக்குங்கள். மின்னழுத்தத்தை அலையாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பழைய அலைகள் அழியாதபடி வைத்து, ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்டுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டு, இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் துடிப்பின் வலது ஓரம் பட்டையாகப் பரவியிருக்கும். அந்தப் பட்டையின் கடைசி முனைதான் உங்கள் எண். அதற்கு மேலும் இடம் விடுங்கள், மோசமான தருணம் அன்றிரவு வராமலே போயிருக்கலாம்.

அடிக்கடி ஓடும் டாஸ்குக்கு அதிக முன்னுரிமை. ஒன்றையொன்று சாராத டாஸ்குகளில் பிராசசர் சுமை 69 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் கெடு தவறாது என்று 1973-லேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் டாஸ்குகள் எங்கே சாராமல் இருக்கின்றன? 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில், முன்னுரிமையில் தாழ்ந்த டாஸ்க் ஒன்று மியூடெக்ஸை (பொதுவான வளத்தை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்குக்கு மட்டும் தரும் பூட்டு) பிடித்திருந்தபோது இடைநிலை டாஸ்க் குறுக்கே புகுந்தது. உயர்ந்த டாஸ்க் காத்துக் கிடக்க, கணினி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. மியூடெக்ஸில் முன்னுரிமை வாரிசு வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள்; பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த டாஸ்குக்கு, காத்திருக்கும் உயர்ந்த டாஸ்கின் முன்னுரிமை தற்காலிகமாகக் கிடைக்கும்.

நேரத்தை முழு எண்ணாகவே வைத்திருங்கள். 0.1 விநாடி பைனரியில் துல்லியமாக அடங்காது. 1991-ல் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 விநாடி பிசகியது. வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

வாட்ச்டாக் என்பது குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் கணினியை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம். அதை டைமர் இன்டரப்டிலிருந்து தட்டாதீர்கள். மற்றதெல்லாம் செத்த பிறகும் இன்டரப்ட் ஓடும். எல்லா டாஸ்கும் தான் ஓடுவதாகக் கையெழுத்துப் போட்ட பிறகே தட்ட வேண்டும்.

சரி, ரீசெட் ஆன அந்த நொடியில் வெளியீடுகள் எங்கே நிற்கும்? உலை என்றால் எரிபொருள் வால்வு ஸ்பிரிங்கால் தானாக மூட வேண்டும். பறக்கும் விமானத்துக்கு அப்படி நிற்க இடமில்லை, அங்கே இரண்டாவது கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.