சுயவெளியீட்டு நாவல் வழியே கறுப்பின வரலாறு: வில்மிங்டன் 1898-ஐ வைத்து ஒரு செய்முறை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு தெரிய வேண்டும், ஆனால் தடித்தடியான ஆய்வு நூலைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு நாவல்தான் நல்ல வாசல். அதிலும் எழுத்தாளர் சொந்தமாகவோ சிறு அச்சகம் வழியாகவோ கொண்டுவந்த நாவல். பெரிய பதிப்பகத்துக்கு நாடு முழுக்க விற்கும் கதை வேண்டும். ஒரே ஊரில், ஒரே நாளில் நடந்ததை எழுதுகிறவர் பெரும்பாலும் தானே அச்சுக்கூலி கொடுக்க வேண்டியிருக்கும். இது இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. கறுப்பின எழுத்தாளர் பாலின் ஹாப்கின்ஸின் முதல் நாவல் 1900-ல் பாஸ்டனில் கறுப்பினத்தவர் கூட்டுறவாக நடத்திய பதிப்பகத்திலிருந்து வந்தது. ஆஸ்கர் மிஷோ 1913-ல் தன் முதல் நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, வீடு வீடாகப் போய் விற்றார்.

நாவலை மட்டும் படித்துவிட்டு வரலாறு தெரிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. ஆவணங்களை மட்டும் நம்பினாலும் தவறுதான். ஏன் என்பது 4-வது படியில் வரும். மின்னூல் இறக்குவதும் கூகுள் ஷீட் திறப்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: ஒரு ஊர், ஒரு தேதி

"அடிமை முறை" என்று பொதுவாகத் தேடினால் கடலில் விழுவீர்கள். ஒரு ஊரையும் ஒரு தேதியையும் பிடியுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன், 1898 நவம்பர் 10. அப்போது மாநிலத்தின் மிகப்பெரிய நகரம் அது. மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நகர மன்றத்திலும் கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். அன்று ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் "டெய்லி ரெக்கார்ட்" என்ற கறுப்பினப் பத்திரிகையின் அலுவலகத்தைக் கொளுத்தியது, மக்களைச் சுட்டுக் கொன்றது, மேயரையும் மன்றத்தையும் கட்டாயமாகப் பதவி விலக வைத்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃபிரட் மூர் வாடெல் அன்று மாலைக்குள் மேயர் ஆகிவிட்டார்.

படி 2: நாவலைத் தேடுவது

பழைய நாவல் என்றால் வேலை சுலபம். டேவிட் பிரையன்ட் ஃபுல்டன் வில்மிங்டனில் வளர்ந்தவர், ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணியாளராக இருந்தவர். ஜாக் தோர்ன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய "ஹனோவர்" 1900 வாக்கில் சிறு வெளியீடாக வந்தது. வில்மிங்டன் படுகொலையின் கதை என்று துணைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் "டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்" தளத்தில் முழுதும் இலவசம்.

ஹாத்தி ட்ரஸ்ட் என்ற மின்னூலகத் தளத்தில் தேடாதீர்கள் என்றே சொல்வேன். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து திறந்தால் சில பழைய நூல்களுக்கு உள்ளே தேட மட்டும்தான் விடும், பக்கம் காட்டாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் அந்தத் தொல்லை குறைவு.

இன்றைய நாவல் என்றால் அமேசான் பக்கத்தில் பதிப்பாளர் வரியைப் பாருங்கள். "இன்டிபென்டன்ட்லி பப்ளிஷ்டு" என்றிருந்தால், அமேசான் இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை எழுத்தாளர் எடுத்திருக்கிறார் என்று பொருள். இதை மட்டும் வைத்து வடிகட்டினால் பாதியைத் தவறவிடுவீர்கள். பலர் சொந்தப் பதிப்பகப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள். ஒரே ஆளின் நூல்கள் மட்டும் வந்தால் சுயவெளியீடுதான்.

ரொமான்ஸ் அலமாரியை ஒதுக்காதீர்கள். அட்டையில் கட்டிப்பிடித்து நிற்பார்கள். உள்ளே பெண்கள் வாக்குரிமைப் போராட்டமோ 1961-ன் பேருந்துப் பயணப் போராட்டமோ நுணுக்கமாக இருக்கும். மாறாக, ஒரே பெயரில் மாதம் நான்கு நாவல், எதிலும் ஆசிரியர் குறிப்பு இல்லை என்றால் கிட்டப் போக வேண்டாம். இயந்திரம் எழுதிய சரக்கு இப்போது மலிந்துகிடக்கிறது.

படி 3: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் குறிப்பு பின்பக்கத்தில் இருக்கும். அதில் மூன்று விஷயம் தேடுங்கள்: யார் உண்மை மனிதர், எந்தத் தேதியைக் கதைக்காக நகர்த்தினார், எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனார். மூன்றும் இருந்தால் அந்த நாவலுக்கு நேரம் கொடுக்கலாம். "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் அதை ஆசிரியர் குறிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிறகு நாவலை ஒரே மூச்சில் படியுங்கள். நடுவில் கூகுள் வேண்டாம். பெயர், இடம், நேரம், எண்ணிக்கை, இந்த நான்கு வந்தால் மட்டும் கோடிடுங்கள். முடித்ததும் அவற்றை ஷீட்டில் ஏற்றுங்கள்: நாவல் சொல்வது, பக்கம், ஆவணம் சொல்வது, முடிவு என்று நான்கு பத்தி (நெடுவரிசை) போதும். இதற்கென்று தனிச் செயலிகள் உண்டு, தேவையில்லை.

படி 4: ஆவணத்தோடு ஒப்பிடுவது

பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். வரிசை முக்கியம்.

முதலில் மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவின் 2006 அறிக்கை. இலவச பிடிஎஃப். நடந்தது திடீர்க் கலவரம் அல்ல, திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு என்று அறிக்கை சொல்கிறது. நேர வரிசையை இதிலிருந்து எடுத்து ஷீட்டின் மேலே ஒட்டுங்கள். நவம்பர் 8 தேர்தல். 9-ம் தேதி வெள்ளையர் கூட்டம் கூடித் தீர்மானம் போடுகிறது, பத்திரிகை ஆசிரியர் அலெக்சாண்டர் மேன்லி ஊரைவிட்டுப் போக வேண்டும் என்கிறது. கறுப்பினப் பெரியவர்களை அழைத்து, மறுநாள் காலை 7.30-க்குள் பதில் வர வேண்டும் என்கிறார்கள். பதிலைக் கொண்டுபோன வழக்கறிஞர் ஆர்மண்ட் ஸ்காட், துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கும் தெரு வழியாக வாடெலின் வீட்டுக்குப் போக அஞ்சி, கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டார். கெடு தாண்டியது, கூட்டம் கிளம்பியது. எந்த வில்மிங்டன் நாவலை எடுத்தாலும் இந்தக் கடிதத்தை என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். எழுத்தாளர் எவ்வளவு படித்திருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்து பத்திரிகைகள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் "க்ரோனிக்ளிங் அமெரிக்கா" இலவசம். இதில் மூன்று சிக்கல்.

ஒன்று, தேடுசொல். அந்தக் காலப் பத்திரிகையில் "மாசக்கர்" (படுகொலை) என்று போட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும். "ரேஸ் ரயட்" (இனக் கலவரம்) என்று போடுங்கள், "ரெவல்யூஷன்" (புரட்சி) என்றும் போடுங்கள். மக்களைக் குறிக்க "கலர்டு", "நீக்ரோ" என்ற சொற்களைத்தான் அச்சிட்டிருப்பார்கள். இன்று நாம் பேசும் சொற்கள் அல்ல, ஆனால் தேடுபெட்டிக்கு அவைதான் புரியும்.

இரண்டு, எழுத்துக்கூட்டல். மேன்லியின் பெயர் கடைசி "ஒய்" எழுத்துக்கு முன்னால் "ஈ" சேர்த்தும் சேர்க்காமலும் வரும். போதாததற்கு, பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எழுத்துகளைக் குழப்பும். பெயரால் கிடைக்காவிட்டால் நாள் வரம்பை நவம்பர் 8 முதல் 20 வரை வைத்து, முதல் பக்கங்களைக் கண்ணால் புரட்டுங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றுதான் பெரியது: யாருடைய பத்திரிகை? மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து வந்த "நியூஸ் அண்ட் அப்சர்வர்" அந்தத் தேர்தலில் வெள்ளையர் ஆதிக்கப் பிரச்சாரத்தின் முதன்மைக் கருவி. கேலிச்சித்திரம் போட்டே வெறுப்பை வளர்த்தது. வாடெலே நவம்பர் 26-ம் தேதி "காலியர்ஸ்" வார இதழில் தன் பக்கக் கதையை எழுதினார். இவற்றோடு நாவல் முரண்படுகிறது என்பதற்காக நாவலைத் தவறு என்று குறித்துவிடாதீர்கள். வெட்டியவனே எழுதிய பஞ்சாயத்துக் குறிப்பு அது. எதிர்ப்பக்கத்துக்கு, ஜான் மிட்செல் நடத்திய "ரிச்மண்ட் பிளானட்" அதே தளத்தில் இருக்கிறது. கொளுத்தப்பட்ட "டெய்லி ரெக்கார்ட்"டில் மிஞ்சிய சில இதழ்களை வட கரோலினாவின் "டிஜிட்டல்என்சி" தளத்தில் பாருங்கள்.

பிறகு ஆட்கள். நாவலில் வரும் முடிதிருத்துபவரோ வண்டிக்காரரோ உண்மையில் வாழ்ந்தவரா என்று பார்க்க நேரே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போவீர்கள். அங்கே ஒரு பள்ளம்: 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் கெட்டு, பிறகு அழிக்கப்பட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே 20 ஆண்டு வெற்றிடம். அதை நிரப்புவது நகர டைரக்டரி. பெயர், தொழில், தெரு எல்லாம் இருக்கும். கறுப்பினத்தவர் பெயருக்கு நட்சத்திரக் குறியோ "சி" எழுத்தோ போட்டிருப்பார்கள். எந்தக் குறி என்பது டைரக்டரியின் சுருக்கக் குறியீட்டுப் பட்டியலில் இருக்கும். அதைப் பார்க்காமல் பெயரைத் தேடினால் ஒரே பெயர் கொண்ட வேறொருவரைப் பிடித்துக்கொள்வீர்கள்.

1897 டைரக்டரியில் இருக்கும் ஆள் 1900 கணக்கெடுப்பில் இல்லையென்றால் உடனே "கற்பனை" என்று எழுதாதீர்கள். ஏராளமான குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று விரித்துத் தேடுங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கு போதும். கட்டணத் தளம் இந்த வேலைக்கு வேண்டாம்.

படி 5: முடிவுப் பத்தியை நிரப்புவது

"சரி / தவறு" என்று இரண்டே வகை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். உறுதி, நடந்திருக்கலாம், கற்பனை, மோதல் என்று நான்கு வையுங்கள்.

இறந்தோர் எண்ணிக்கை "மோதல்" வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மரண விசாரணை அதிகாரி விசாரித்தது 14 உடல்கள். பின்னால் வந்த மதிப்பீடுகள் 60 வரை போகின்றன. 300 என்றும் சொல்லப்படுகிறது. நாவலாசிரியர் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை மட்டும் எழுதாமல் எல்லா எண்களையும் கட்டத்தில் போடுங்கள். விசாரணைக்கு வராமல் புதைக்கப்பட்டவர்களை 14 என்ற எண் காட்டாது.

"நடந்திருக்கலாம்" வகையில் நாவலின் உண்மையான பயன் இருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் அந்த நவம்பர்க் குளிரில் சதுப்புக் காட்டிலும் பைன் ஃபாரஸ்ட் கல்லறைத் தோட்டத்திலும் ஒளிந்திருந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அங்கே என்ன பேசினார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. ஃபுல்டனின் மோலி பியர்பான்ட் போன்ற பாத்திரங்களை இந்த இடத்தில் வைத்துப் படியுங்கள், டைரக்டரியில் தேடி அலைய வேண்டாம்.

சேர்க்கை: ஒரே நாவல் போதுமா?

போதாது. அதே சம்பவத்தை வைத்துச் சார்லஸ் செஸ்நட் 1901-ல் எழுதிய நாவலைப் பெரிய பதிப்பகமான ஹௌட்டன் மிஃப்லின் வெளியிட்டது. அதில் வில்மிங்டன் "வெல்லிங்டன்" ஆகிவிட்டது. ஷீட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த விஷயத்தை ஒருவர் நேராகச் சொல்கிறார், இன்னொருவர் சுற்றி வளைக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

சேர்க்கை: 1865-க்கு முந்தைய கதை என்றால்?

இதே முறைதான், ஆனால் பெயர்த் தேடல் அடிபடும். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். அடிமைப்பட்டவருக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும். விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு 1870-ல் நடந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போக, விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் படிவங்களைப் பாருங்கள். வில்மிங்டனிலும் ஒரு கிளை இருந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் பல படிவங்களில் உண்டு. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்காது. குடும்பப் பெயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முதற்பெயரையும் கிளையையும் மட்டும் கொடுத்துத் தேடிவிட்டு, பிறகு வயதை வைத்துக் கழியுங்கள்.