வெற்றிடப் பம்பின் பயனைச் சரியாக அளந்த விதம்

நீரிழிவினால் எனக்கு விறைப்புக் குறைபாடு ஏற்பட்டபோது, திருகோணமலையில் என்னைப் பார்த்துவரும் வைத்தியர் வெற்றிடப் பம்பைப் பரிந்துரைத்தார்; ஆண்குறியின் மேல் பொருத்தி, காற்றை வெளியேற்றி, இரத்தத்தை உள்ளே இழுத்து விறைப்பைத் தரும் குழாய்க் கருவி அது. அதன் பயனை அறிய நான் குறித்துவைத்த ஆண்குறியின் அளவுகள் நாளுக்கு நாள் முரண்பட்டன. பம்பைக் கழற்றியவுடன் தெரியும் பருமன், உள்ளே இழுக்கப்பட்ட இரத்தமும் திசுக்களில் தேங்கிய நீரும் தரும் தற்காலிக வீக்கமே என்று வைத்தியர் விளக்கிய பின், பம்பைப் பயன்படுத்துவதற்கு முன்னரே, காலையில், எப்போதும் ஒரே நிலையில் அளக்கத் தொடங்கினேன். (குளிர்ந்த நீரில் குளித்து வந்தவுடன் அளப்பது பயனற்றது, குளிரில் உறுப்பு சுருங்கியிருக்கும்.) அடிமட்டத்தை ஆண்குறியின் மேற்புறமாக வைத்து, அடிவயிற்றுக் கொழுப்பின் தடிப்பு அளவைக் குழப்பாதபடி இடுப்பின் முன்னெலும்பு வரை அழுத்தி, நுனிவரை அளக்க வேண்டும். சுற்றளவுக்குத் தையல் நாடா போதும். இப்படி அளந்ததும் எண்கள் நிலைபெற்றன: நீளம் கூடவில்லை. நிரந்தரமாகப் பெரிதாக்கும் என்னும் விளம்பரங்களுக்கு உறுதியான ஆதாரமும் இல்லை. ஆகவே இப்போது விறைப்பின் உறுதியையும், அது நிலைக்கும் நேரத்தையும், உறவு மனநிறைவாக அமைந்ததா என்பதையுமே குறிக்கிறேன்; அவற்றில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. விறைப்பு நிலைக்க ஆண்குறியின் அடியில் மாட்டும் இறுக்கு வளையத்தை 30 நிமிடங்களுக்கு மேல் போட்டிருக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்போர் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.