வீடு பார்க்கும் முன் கடைசி நிறுத்தம் வரை போய் வாருங்கள்

புதிய நாட்டில் வந்து இறங்கிய முதல் சில வாரங்களில் நமக்குத் தெரிந்த நகரம் மிகவும் சின்னது: தங்கியிருக்கும் அறை, வேலை, சாமான் வாங்கும் கடை. இடையில் சுரங்க ரயில் என்றால் ஊரே கண்ணில் படாது. ஒரு விடுமுறை நாளில் பஸ்ஸில் ஏறி, அது திரும்பும் இடம் வரை போய் வாருங்கள். ரயில் வேகமாகக் கொண்டுபோய்விடும். பஸ்தான் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, பூங்கா எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே போகும்.

ஊர் சுற்ற மட்டும் இதைச் சொல்லவில்லை. வாடகை கொஞ்சம் இறங்குவது பெரும்பாலும் புறநகரில்தான். நம்மில் பலர் கடைசியில் குடியேறுவதும் அங்கேதான். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். காரிலா, நடந்தா என்பது போய் இறங்கினால்தான் தெரியும்.

இறங்கியதும் முதலில் நிறுத்தத்தில் உள்ள கால அட்டவணையைப் பாருங்கள். என்னைக் கேட்டால் தூரத்தைவிட இதுதான் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் நேரம் பார்க்காமலே வீட்டை விட்டுக் கிளம்பலாம். அரை மணிக்கு ஒன்று என்றால், ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் இரவு எட்டு மணிக்குப் பிறகும் என்ன போட்டிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். நான் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன். அதற்கு முந்தின நாள், வேலை முடியும் நேரத்தில் அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். பகலில் நாற்பது நிமிடத்தில் போன இடத்துக்கு அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு பயணத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கட்டண முறை ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் ரயில் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் பயண அட்டையைக் கருவியில் தொட வேண்டும்; மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். சிங்கப்பூரில் தூரத்தை வைத்துக் கணக்கு என்பதால் பஸ்ஸிலும் இறங்கும்போது தொட வேண்டும். டொரொன்டோவின் நகரப் போக்குவரத்தான டிடிசியில் அட்டையை ஒருமுறை தட்டினால் அந்தக் கட்டணம் 2 மணி நேரத்துக்குச் செல்லும். அதற்குள் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளலாம். புதிதாக வந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

அப்புறம், போகும் முன் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். எந்தப் பஸ் என்று யோசிக்கவே வேண்டாம். வேலைக்குப் போகும்போது தினமும் உங்களைக் கடந்து போகும் எண் ஒன்று இருக்குமே, அதிலேயே தொடங்கலாம்.