மேடையேறாத பாட்டைப் பாடப் போகிறீர்களா? முதலில் தாளைக் கவனியுங்கள்

இசை நாடகங்களிலிருந்து நீக்கப்பட்ட, மறந்துபோன பாடல்களுக்கான காபரே ஓப்பன் மைக் இரவில் (சிறு அரங்கில், விரும்பியவர் மேடையேறிப் பாடும் நிகழ்ச்சி) பாடகரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குரல் அல்ல, பியானோ வாசிப்பவரிடம் கொடுக்கும் இசைத்தாள்தான். பிரபலமான பாட்டென்றால் தாளில் குறை இருந்தாலும் அவர் சமாளித்துவிடுவார். கேட்டே இராத பாட்டுக்கு அந்தத் தாளை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

நகலெடுக்கும்போது கீழ் ஓரம் வெட்டுப்பட்டு, இடக்கை வாசிக்கும் பாஸ் சுரங்கள் காணாமல் போகும். கொஞ்சம் சுருக்கி நகலெடுத்தால் தப்பிக்கலாம். உங்கள் சுருதிக்கு மாற்றி எழுதிய தாளையே கொண்டு போங்கள். "ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள்" என்று மேடையில் கேட்பது அநியாயம். கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி) பெயர்களை மேலே எழுதுங்கள். எங்கே திரும்பப் பாடுகிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை வண்ணப் பேனாவால் குறியுங்கள். இருபக்கமும் நகலெடுத்து வளையக் கோப்பில் போட்டால் பக்கம் திருப்புவது குறையும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், விளக்கொளியில் எழுத்தே தெரியாது.

வேகத்தை விரல் சொடுக்கிக் காட்டாதீர்கள். முதல் இரண்டு வரியை அவர் காதருகே மெல்லப் பாடுங்கள். முன்னிசைக்கு 4 பார் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதி) போதும்.

பாடுமுன் 30 நொடி பேசலாம்: நாடகத்தில் இதைப் பாடும் பாத்திரம் யார், யாரிடம், ஏன். நீக்கப்பட்ட பாட்டு என்பதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனி கூடாது. அமெரிக்கப் பாடல் படைப்பாளிகளான கெர்ஷ்வின் சகோதரர்களின் 'தி மேன் ஐ லவ்' கூட 1924-இல் 'லேடி, பி குட்' நாடகத்திலிருந்து நீக்கப்பட்டதுதான்!