மண்ணீரல் வீக்கம்: சோதிப்பதிலும், அகற்றிய பிறகும் நடக்கும் தவறுகள்

வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் மண்ணீரலைக்கூட ஒரு மருத்துவர் தவறவிட முடியும். எடுத்த எடுப்பிலேயே இடது விலா ஓரத்தில் கையை வைத்துத் தேடினால் அதுதான் நடக்கும். விரல்கள் மண்ணீரலின் மேலேயே இருக்கும், அதன் விளிம்போ தொப்புளைத் தாண்டிக் கீழே கிடக்கும். வீங்கும் மண்ணீரல் இடது விலாவுக்கு அடியிலிருந்து குறுக்காக வலது அடிவயிற்றை நோக்கி வளர்வதால், வலது அடிவயிற்றில் தொடங்கித்தான் மேலே வர வேண்டும். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயிலும், பீகார் பக்கம் காணப்படும் காலா அசார் காய்ச்சலிலும் மண்ணீரல் அவ்வளவு தூரம் இறங்கிவிடும்.

அடுத்த தவறு, கையை அழுத்தி அழுத்தித் தேடுவது. நோயாளி மூச்சை ஆழமாக இழுக்கும்போது மண்ணீரல் தானே இறங்கி வந்து விரலில் தட்டும், கை காத்திருந்தால் போதும். தட்டவில்லையா, முழங்காலை மடக்கி வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். மலேரியா, டைபாய்டு, சுரப்பிக் காய்ச்சல் (கழுத்துச் சுரப்பிகள் வீங்கும் ஒரு வைரஸ் காய்ச்சல்) போன்றவற்றில் மண்ணீரல் மென்மையாக வீங்கியிருக்கும், முரட்டுத்தனமாக அழுத்தினால் கிழியவும் கூடும். சுரப்பிக் காய்ச்சல் வந்தவர்கள் குறைந்தது 3 வாரமாவது கபடி, கால்பந்து மாதிரியான விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்வதும் அதனால்தான்.

கைக்குப் படவில்லை என்றால் வீக்கமே இல்லை என்று எழுதிவிடுவதும் சரியல்ல. பெரியவர்களின் மண்ணீரல் சுமார் 150 கிராம்தான். ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு பெருத்தால்தான் கைக்கு எட்டும். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஸ்கேனில் 12.5 செ.மீ. என்று வந்ததைப் பார்த்து, உயரமான, ஆரோக்கியமான இளைஞரைப் பயமுறுத்துகிறோம். அளவை ஆளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணீரல் வீக்கம் தனி நோய் அல்ல, வேறொரு நோயின் அடையாளம். கல்லீரல் சுருக்கமா, பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவா, நிணநீர்ப் புற்றா என்று தேடாமல் நிறுத்தக் கூடாது. நோயெதிர்ப்புக் கோளாறால் பிளேட்லெட் குறையும் ஐ.டி.பி. நோயில் மண்ணீரல் பொதுவாக வீங்காது. பிளேட்லெட் குறைவோடு மண்ணீரல் பெருத்தும் இருந்தால், ஐ.டி.பி. என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

இனி, மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள். என் பார்வையில் மிகப் பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அறுவை நன்றாக முடிந்தது, தையல் பிரித்தாயிற்று, அதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மண்ணீரல் இல்லாமல் வாழலாம், உண்மைதான். ஆனால் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற உறை கொண்ட பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது அதன் வேலை. மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வந்த கடுமையான தொற்றுகளைப் பற்றி கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1952இலேயே எழுதிவிட்டார்கள். காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது, அடுத்த நாளைக்குள் உயிரைப் பறித்துவிடலாம். அறுவை நடந்து இருபது வருடம் ஆன பிறகும் இந்த ஆபத்து முழுதாக நீங்குவதில்லை.

ஆகவே இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது கூடவே கூடாது. மருத்துவர் முன்கூட்டியே கொடுத்து வைத்த ஆன்டிபயாடிக்கை உடனே விழுங்கிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்டாயிற்றே என்று அசட்டையாக இருப்பதும் தவறு, எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. நிமோகாக்கஸ், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) ஆகிய பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளைத் திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பும், விபத்தால் அவசரமாக எடுத்தவர்களுக்கு 2 வாரம் கழித்தும் போடுவது வழக்கம். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் வேண்டும்.

நம் தெருக்களில் நாய்க்கடி சகஜம். கடித்தால் ரேபிஸ் ஊசியோடு நின்றுவிடுகிறோம். நாயின் வாயில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களின் ரத்தத்தில் வேகமாகப் பரவும். அவர்களுக்கு ஆன்டிபயாடிக்கும் தேவை, கடி சின்னதாக இருந்தாலும்.

அறுவைக்குப் பின் பிளேட்லெட் ஏறுவது சகஜம். ஆனால் சில நாளிலோ வாரங்களிலோ வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால், தையல் வலி என்று விட்டுவிடாமல், கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கத்தி படாமலே மண்ணீரல் செயலிழந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. உதாரணம், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை. அது இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், அதுவும் 1952இல். இந்த நோயில் மண்ணீரல் ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தாலும் வேலை செய்யாமல் இருக்கலாம். கண்ணாடியில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சிவப்பணுக்களுக்குள் ஹவெல்-ஜாலி புள்ளிகள் (மண்ணீரல் வேலை செய்தால் அகற்றிவிடும் உட்கருவின் மிச்சங்கள்) தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். அவர்களுக்கும் அதே தடுப்பூசி, காய்ச்சலுக்கு அதே அவசரம்.

டிஸ்சார்ஜ் தாளில் 'மண்ணீரல் அகற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதாது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எந்த ஊசி எப்போது, மலேரியா உள்ள ஊருக்குப் போகுமுன் யாரைக் கேட்பது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.