மார்ட்கேஜ் அப்ரூவலுக்குக் காத்திருக்கும்போது லோன் ஆஃபீசரிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது?

அமெரிக்காவில் முதல் வீடு வாங்குகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பம் கொடுத்து, மூன்று பக்க லோன் எஸ்டிமேட்டும் (வட்டி, கட்டணங்களின் உத்தேசக் கணக்கு) கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கிரெடிட் ஸ்கோர், டவுன் பேமென்ட் சங்கதியெல்லாம் இங்கே கிடையாது. இனி குளோசிங் (கடைசிக் கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாள்) வரைக்கும் இருக்கிற அந்த இடைப்பட்ட காலம்தான் விஷயம். சிலர் "அவரே கூப்பிடுவார்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள், சிலர் தினமும் "என்ன ஆச்சு?" என்று குடைகிறார்கள். இரண்டாலும் ஃபைல் நகராது.

படி 1: எதிரில் இருப்பவர் யார்?

லோன் ஆஃபீசர் உங்கள் கடனை ஒப்புக்கொள்பவர் இல்லை. பிராசஸர் காகிதங்களைச் சேர்ப்பார், அண்டர்ரைட்டர் முடிவெடுப்பார். அந்த அண்டர்ரைட்டர் பொதுவாக உங்களோடு பேசவே மாட்டார், ஃபைலில் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த நீங்கள். ஆக, போனில் அரை மணி நேரம் உருக்கமாக விளக்கினாலும் அது காகிதமாக உள்ளே போகவில்லையென்றால் பேசாததற்குச் சமம். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

படி 2: முதல் மெயில்

விண்ணப்பம் போன கையோடு ஒரே மெயிலில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: வட்டி லாக் ஆகிவிட்டதா (விகிதம் மாறாமல் நிலைநிறுத்தியாகிவிட்டதா), எந்தத் தேதி வரை? தேதி தாண்டினால் நீட்டிக்கும் கட்டணம் யார் தலையில்? பிராசஸர் யார், அவரை நேரடியாகத் தொடர்புகொள்ளலாமா? அப்ரைசலுக்கு, அதாவது வீட்டு மதிப்பீட்டுக்கு, சொல்லியாகிவிட்டதா? ரேட் லாக் பெரும்பாலும் 30, 45, 60 நாள் என்று இருக்கும். ஒப்பந்தத்தில் இருக்கும் குளோசிங் தேதியையும் லாக் முடியும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள், இடைவெளி இரண்டு மூன்று நாள்தான் என்றால் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது.

படி 3: காகிதம் அனுப்புவது

கேட்டதை முழுசாக அனுப்புங்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் "பக்கம் 1 / 6" என்று இருந்தால் ஆறு பக்கமும் போக வேண்டும், கடைசிப் பக்கம் வெறும் விளம்பரமாகவோ வெற்றுத் தாளாகவோ இருந்தாலும் சரி. இணையதளத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள், வங்கி தரும் பிடிஎஃப்பை இறக்குங்கள். காகிதமாக மட்டும் இருப்பதை போனிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியால் எடுத்தால் போதும், இதற்கென்று காசு கொடுத்து ஆப் வாங்குவது வீண். சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும் எதையும் மெயிலில் இணைக்க வேண்டாம், அவர்கள் போர்ட்டலில் ஏற்றிவிட்டு "இன்னின்னது ஏற்றிவிட்டேன்" என்று ஒரு வரி மெயில் போடுங்கள். குறுஞ்செய்தி வசதிதான், ஆனால் நாளைக்குத் தேடி எடுக்க முடியாது. நான் மெயில் கட்சி.

படி 4: விளக்கக் கடிதம் (என் ஃபைல் நின்ற இடம்)

"லெட்டர் ஆஃப் எக்ஸ்ப்ளனேஷன் வேண்டும்" என்று ஒருநாள் மெயில் வரும். பதறாதீர்கள், இது குற்றச்சாட்டு இல்லை. ஃபேன்னி மே (கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனம்) விதிப்படி, வீடு வாங்கும் கடனில், தகுதிக்குக் கணக்கிடும் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தவணையில் கணக்குக்குள் வந்தால் அது "பெரிய டெபாசிட்". மாத வருமானம் 10,000 டாலர் என்றால், 5,000-க்கு மேல் வந்த ஒரு தொகையை வீட்டுக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணம் கச்சிதமாக இதில் வந்து மாட்டும்.

கடிதத்தில் கதை வேண்டாம். "என் தந்தை ஓய்வு பெற்றவர், நிலம் விற்றார், பங்காளிகளோடு பேசி..." என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு புதுக் கேள்வி முளைக்கும். இவ்வளவு போதும் (ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்):

"மே 6 அன்று என் சேமிப்புக் கணக்கில் (கடைசி நான்கு எண்கள் ____) வரவான 19,975 டாலர், என் தந்தை தந்த அன்பளிப்பு. அவர் அனுப்பியது 20,000. இடையில் 25 டாலர் வங்கிக் கட்டணமாகக் கழிந்தது. அன்பளிப்புக் கடிதம், அனுப்பிய வங்கியின் ரசீது, என் ஸ்டேட்மென்ட் இணைப்பில்." தேதி, கையெழுத்து.

அந்த 25 டாலர் வரியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அன்பளிப்புக் கடிதத்தில் ஒரு தொகை, ஸ்டேட்மென்டில் வேறு தொகை என்றால் அண்டர்ரைட்டர் அங்கேயே நிறுத்துவார். எனக்கு அப்படித்தான் கேள்வி வந்தது, பதில் போய்த் திரும்பி வரும்வரை மற்ற எதுவும் அசையவில்லை. அன்பளிப்புக் கடிதத்தில் கொடுப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி, உறவு, தொகை, "திருப்பித் தர வேண்டியதில்லை" என்ற வாசகம், எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் சொந்த என்ஆர்ஈ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) பணம் என்றால் அன்பளிப்புக் கடிதம் வேண்டாம், ஆனால் அங்கே பற்று, இங்கே வரவு என இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். குளோசிங்குக்கு முன் பணம் டாலராக அமெரிக்கக் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் கடைசி வாரத்துக்கு வைக்காமல் முன்கூட்டியே வரவழைத்துவிடுங்கள்.

படி 5: வாரம் ஒரு மெயில்

"ஏதாவது அப்டேட் உண்டா?" என்று கேட்டால் "போய்க்கொண்டிருக்கிறது" என்றுதான் பதில் வரும். மாற்றிக் கேளுங்கள்: "இன்னும் திறந்திருக்கும் கண்டிஷன்கள் (அண்டர்ரைட்டர் கேட்டு இன்னும் முடியாதவை) எவை? அதில் என் பக்கம் இருப்பது எது? லாக் தேதிக்குள் முடியுமா?" கண்டிஷனல் அப்ரூவல் (இவை முடிந்தால் கடன் உண்டு என்ற ஒப்புதல்) வந்துவிட்டால் அந்தப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் ஏதாவது சொன்னால், வைத்த கையோடு "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், நான் இதை வியாழனுக்குள் அனுப்புகிறேன்" என்று மெயில். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

படி 6: கெட்ட செய்தி முதலில் அவருக்கு

வேலை மாறுகிறது, சம்பள முறை மாறுகிறது, கார் லோன் எடுக்க வேண்டிய கட்டாயம், எதுவானாலும் செய்வதற்கு முன்னால் சொல்லுங்கள். எப்படியும் தெரியத்தான் போகிறது: ஃபேன்னி மே கடன்களில், சம்பளக்காரர்களுக்கு, கடன் பத்திரத் தேதிக்கு முந்தைய 10 வணிக நாட்களுக்குள் நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்களா என்று கம்பெனியில் மறுபடி விசாரிப்பார்கள். சோபா, டிவியெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகு.

படி 7: குளோசிங் டிஸ்க்ளோஷர்

கடனின் இறுதிக் கணக்கு இது, ஐந்து பக்கம். குளோசிங்குக்குக் குறைந்தது மூன்று வணிக நாள் முன்பு உங்கள் கையில் இருக்க வேண்டும், இது சட்டம். மெயில் வந்ததும் திறந்து, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை கொடுத்துவிடுங்கள், அப்புறம் லோன் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ஏபிஆர் (கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம்) அனுமதித்த அளவைத் தாண்டி மாறினாலோ, கடன் வகை மாறினாலோ, முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்று புதிதாகச் சேர்த்தாலோ அந்த மூன்று நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் சந்தேகத்தை அன்றைக்கே கேளுங்கள்.

பணம் அனுப்பும் விவரம் மெயிலில் வந்தால், அதிலும் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமைப் பத்திரத்தைச் சரிபார்த்து குளோசிங்கை நடத்துபவர்கள்) எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். வயரில் போன பணத்தைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கடினம்.

பிறகு சேர்த்தது: லோன் ஆஃபீசர் பதிலே போடவில்லை, என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முதலில் பிராசஸர். அடுத்த நாளும் சத்தமில்லை என்றால் கிளை மேலாளருக்கும் நகல் வைத்து, லாக் தேதியைத் தலைப்பு வரியிலேயே போட்டு ஒரு மெயில். கூடவே உங்கள் ரியல்ட்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அவர்கள் போனை லோன் ஆஃபீசர்கள் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், அடுத்த வாடிக்கையாளர் அங்கிருந்துதானே வர வேண்டும்.

இன்னொன்று: கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்திருந்தால், பல இடங்களில் இ-கன்சென்ட்டை (காகிதங்களை மின்னணு வடிவில் பெறச் சம்மதம்) இருவரும் தனித்தனியாக உள்ளே போய்க் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு வந்த மெயில் ஸ்பேமில் கிடந்து ஃபைல் நின்றதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இன்றைக்கே இரண்டு பேருடைய ஸ்பேமையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.